பழைய பெட்டிக்குப் புதிய காது



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர் என் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது கேசட் பெட்டியாச்சே, இதுலயா ப்ளூடூத் பாடுது?" என்று கேட்டார். பாடுகிறது என்றேன். எப்படி என்றார். கைகுலுக்கப் பின்னால் பலர் காத்திருந்தபடியால் இரண்டு நிமிடத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது பாதிதான். மறுபாதியில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. அதை வாசலில் நின்றுகொண்டு சொல்வதற்கில்லை. உட்கார்ந்து எழுதவேண்டும் என்று தோன்றியது. இதில் வருகிற அம்மா நம் சபையைச் சேர்ந்தவர். எழுதியதை அவர் காதருகே உரக்க வாசித்துக் காட்டினேன். "எழுதுங்கய்யா, பேரு மட்டும் போடாதீங்க" என்றார். பெயரில்லாமலே பலருக்கு விளங்கிவிடும் என்று சொன்னேன். "வெளங்குனா வெளங்கட்டும்" என்பதே அவருடைய மறுமொழி.

என் கார் 2004ஆம் ஆண்டின் சான்ட்ரோ. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் உருவாகி வந்த வண்டி அது. பட்டுக்கோட்டையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடமிருந்து நான் வாங்கியபோதே அதற்கு வயதாகியிருந்தது. புதிதாக வந்த நாளிலேயே வண்டியோடு வந்த கேசட் ஸ்டீரியோ ஒன்று டாஷ்போர்டின் நடுவில் இருந்தது. 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மானியர் வகுத்த அளவு இது. அந்நாளைய கார்கள் பலவற்றிலும், எந்த நாட்டில் செய்தவையாயினும், இதே குழிதான். கேசட் ஒரு பக்கம் முடிந்தால் தானே மறுபக்கம் திரும்பும். எஃப்எம் உண்டு, மத்திய அலை வானொலியும் உண்டு. கதவுகளில் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு ஒலிபெருக்கிகள்.

1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் கேசட்டை அறிமுகப்படுத்தியபோது, நம் நாட்டுச் சபைகளின் மேல் அது இத்தனை ஆதிக்கம் செலுத்தும் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். நான் இறையியல் கல்லூரியில் பயின்ற நாட்களில் விடுதியறையில் கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாகக் கேசட்டுகள் கிடக்கும்: கன்வென்ஷன் செய்திகள், கீர்த்தனைகள், கிறிஸ்துமஸ் பாடல்கள். நாலு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள அந்தப் பழுப்பு நாடாவில் எத்தனை ஊழியர்களின் குரல்கள்! அவற்றில் பல இன்று பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டன. என் காரிலும் ஒரு நாள் ஒரு கேசட் உள்ளே சிக்கியது. தள்ளியும் பார்த்தேன், தட்டியும் பார்த்தேன், வெளியே வரவில்லை. அன்று முதல் அந்தப் பெட்டி வானொலி மட்டுமே.

அந்த வானொலியைத்தான் என்னால் விடமுடியவில்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நம்மைக் கடந்துபோனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். விடிந்து பார்த்தால் தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரங்கள் இல்லை. வேதாரண்யத்தில் என்ன ஆயிற்று, பட்டுக்கோட்டையில் என்ன ஆயிற்று என்று அறிய வழியில்லை. காரின் கதவுகள் நான்கையும் திறந்து வைத்து, மத்திய அலையில் 936க்குத் திருப்பினேன். திருச்சி வானொலியின் செய்தி வந்தது. நம் தெருவில் எந்த மதத்தார் எந்தச் சாதியார் என்ற கணக்கின்றி அத்தனை பேரும் அந்தக் காரைச் சூழ்ந்து நின்றதை நான் கண்டேன். பேட்டரி இறங்கிவிடுமே என்று அரை மணிக்கொருமுறை எஞ்சினை ஓட்டினோம். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைக் கழற்றி எறிய எனக்கு மனம் வந்ததில்லை.

இனி அந்த அம்மாவைப் பற்றி. மாதம் ஒருமுறை அவரைத் தஞ்சாவூருக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். திருவோணம், ஒரத்தநாடு வழியாகப் போவோம். நம் செம்மண்ணும் தைல மரங்களும் முடிந்து, கல்லணைக் கால்வாயின் தண்ணீர் பாயும் வயல்கள் தொடங்குகிற இடம் வரும்போது அவர் கண்ணாடியை இறக்கிக்கொள்வார். அவருடைய ஒரே மகன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருக்கிறார். அம்மாவிடம் இருப்பது பொத்தான் வைத்த கைபேசி. ஆகவே மகன் பேசிப் பதிவு செய்து அனுப்புவதெல்லாம் என் வாட்ஸ்அப்புக்கு வரும்; அதை அம்மாவுக்குக் கேட்கச் செய்வது என் பொறுப்பு.

அதில்தான் தொல்லை. அம்மாவுக்குக் காது மந்தம். செவிக்கருவி ஒன்று உண்டு, அது அவருடைய அரிசிப் பானைக்குப் பக்கத்திலுள்ள டப்பாவில் இருக்கிறது. போட்டால் குயீ என்று கத்துகிறதாம். கைபேசியை அவர் காதோடு வைத்தால், "யாரோ தகரத்துக்குள்ள இருந்து பேசுறாங்க" என்பார். மகன்தான் அம்மா என்றால், "இது அவன் கொரலு இல்லை" என்பார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆண் குரலின் அடிநாதம் ஏறத்தாழ 100 முதல் 150 ஹெர்ட்ஸ். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அந்தக் கனத்தை வெளிப்படுத்த இயலாது. மேலே உள்ள கீச்சொலிகளைத்தான் அது நன்றாகத் தரும். முதுமையில் காது முதலில் இழப்பதோ அந்த மேல் ஒலிகளை. ஆகக் கைபேசி கொடுப்பது அவருக்குக் கேட்பதில்லை; அவருக்குக் கேட்கக்கூடியதைக் கைபேசி கொடுப்பதில்லை.

எனவே மகன் பேசியதை நான் முதலில் கேட்டு, பிறகு அம்மாவின் காதருகே உரத்த குரலில் சொல்லிவந்தேன். மொழிபெயர்ப்பாளன் வேலை. மேடைகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு மொழிபெயர்த்துப் பழகியவன் நான். அந்த வேலையின் சோதனை எனக்குத் தெரியும். பேசுகிறவர் ஒன்றைச் சொல்வார், கேட்கிறவர்களின் முகம் வாடுமே என்று நாம் அதைச் சற்றே வளைப்போம். யாருக்குத் தெரியப்போகிறது?

ஈஸ்டருக்குப் பின் வந்த ஒரு பதிவில் மகன், ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் இன்னும் தீரவில்லை, ஒப்பந்தத்தை மேலும் நீட்டித்துவிட்டேன், இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வர இயலாது என்று சொல்லியிருந்தார். குரல் உடைந்திருந்தது. கார் அப்பொழுது கால்வாய்ப் பாலத்தின் மேல் சென்றுகொண்டிருந்தது. அம்மா ஆவலாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான், "வேலை மும்முரமாம் அம்மா. வருவதற்குத்தான் முயற்சி செய்கிறாராம்" என்றேன். அம்மா சிரித்தார். அடுத்த மாதம் அதையே இன்னும் சற்று இனிப்பாக்கினேன். ஆகஸ்டில், "கிறிஸ்துமஸுக்குப் பார்ப்போம் என்கிறார்" என்பது வரை வந்துவிட்டேன். இரக்கத்தினால் செய்கிறேன் என்றுதான் என்னை நம்பவைத்துக்கொண்டிருந்தேன். அதில் பாதி சோம்பல் என்பது பிறகு விளங்கிற்று. ஒருவர் அழும்போது பக்கத்தில் அமர்ந்திருப்பது கடினமான வேலை, பொய் எளிது.

செப்டம்பரில் ஒரு நாள், இடக்கையில் கைபேசியைப் பிடித்துப் பதிவைக் கேட்டுக்கொண்டே வண்டியோட்டினேன். திருவோணம் தாண்டி ஒரு வளைவில் ஆட்டு மந்தை. கண்ணை நிமிர்த்தியபோது முதல் ஆடு பானெட்டுக்கு முன்னால் நின்றது. நான் மிதித்த மிதியில் அம்மாவின் முழங்கால் டாஷ்போர்டில் மோதியது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேய்த்துக்கொண்டிருந்த பையன் என் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தான். பிறகு என் வெள்ளை அங்கியைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, கைபேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே வகைப்படுத்துகிறது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தைவிட அந்தப் பையனின் பார்வைதான் என்னை உறுத்தியது. அன்று இரவே, கைபேசியின் ஒலியைக் காரின் ஒலிபெருக்கிகளுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

விஷயம் கேள்விப்பட்டு, நம் சபைச் செயலாளர் பெரிய திரை வைத்த புதிய ஸ்டீரியோ ஒன்றைக் கிறிஸ்துமஸ் அன்பளிப்பாகப் பொருத்தித் தருகிறோம் என்றார். அன்புக்கு நன்றி. ஆனால் அந்தத் திரைப்பெட்டி 100 மில்லிமீட்டர் உயரம். என் வண்டியின் குழி அதில் பாதி. டாஷ்போர்டை அறுக்கவேண்டும். மேலும், மலிவான திரைப்பெட்டிகள் பலவற்றில் மத்திய அலை கிடையாது, 936 போய்விடும். பழைய பெட்டியிலேயே ப்ளூடூத் சேர்க்கப்போகிறேன் என்றதும் பொருளாளர், "ஐயா, பழைய துருத்தியில புது ரசமா?" என்று கேட்டுச் சிரித்தார். துருத்தி கிழிந்தால் உங்களிடம்தான் வருவேன் என்றேன்.

முதலில் எளிய வழியைத் தேடினேன். சிகரெட் லைட்டர் குழியில் செருகுகிற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். கைபேசியிலிருந்து ப்ளூடூத்தில் ஒலியை வாங்கி, தானே ஒரு குட்டி வானொலி நிலையமாகி, நாம் குறிக்கும் அலைவரிசையில் ஒலிபரப்பும். ஸ்டீரியோவை அங்கே திருப்பினால் கேட்கும். ஒரு கம்பியும் தொடவேண்டியதில்லை. காரைக்கால் நிலையத்தின் 100.3க்கும் திருச்சி ரெயின்போவின் 102.1க்கும் நடுவே 101.2இல் வைத்தேன். கறம்பக்குடிக் கடைவீதியில் தெளிவாகவே இருந்தது. ஒரத்தநாட்டை நெருங்க நெருங்க இரைச்சல் ஏறியது. அந்தக் கருவியின் சக்தி மிக அற்பம். அது இருப்பதோ தகரக் கூட்டுக்குள், ஸ்டீரியோவின் ஏரியல் இருப்பதோ வெளியே. கூரைக்கு வெளியே வலிமையான நிலையம் ஒன்று வந்தால் வீட்டுக்குள்ளிருக்கிற குழந்தையின் குரல் எடுபடாது. ஒரு கட்டத்தில் மகனின் குரலோடு ஒரு சினிமாப் பாட்டும் கலந்து வந்தது. அம்மா, "கல்யாண வீட்டுல இருந்தா பேசுறான்?" என்று கேட்டார். கருவியை எடுத்துப் பையில் போட்டுவிட்டேன்.

கேசட் வடிவில் ஓர் அடாப்டர் உண்டு; கேசட்டைப்போலவே உள்ளே தள்ளினால், அதிலுள்ள சிறு காந்தத் தலை ஸ்டீரியோவின் ஹெட்டோடு ஒட்டி நின்று ஒலியைக் கடத்தும். அழகான யோசனை. என் பெட்டியிலோ ஏற்கெனவே ஒரு கேசட் சிக்கிக் கிடக்கிறதே.

ஆகவே கடைத்தெருவில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் பாயிடம் சென்றேன். அறுபதைக் கடந்தவர். எத்தனை முறை விளக்கினாலும் அவருக்கு நான் "ஃபாதர்" தான். சீர்திருத்தச் சபையின் வரலாற்றை அவரிடம் சொல்லி முடிக்க எனக்கு ஆயுள் போதாது. ஸ்டீரியோவைக் கழற்றி மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல பொட்டி ஃபாதர். இதைப் போய் யாராவது தூக்கிப் போடுவாங்களா?" என்றார்.

கருவி பற்றி ஆசையுள்ள தம்பிகளுக்காக அவர் செய்ததைச் சற்று விரித்துச் சொல்கிறேன். கேசட்டின் ஹெட் எடுக்கும் ஒலி மிக மெல்லியது. அதை முதலில் சிறிது பெரிதாக்கும் பகுதி ஒன்று. அங்கிருந்து இடது, வலது என்று இரண்டு கம்பிப்பாதைகள் வால்யூம் பகுதிக்குப் போகின்றன. அந்த இரண்டு பாதைகளையும் பாய் அறுத்து, இடையே ஒரு சிறு சுவிட்சை வைத்தார். சுவிட்ச் மேலே இருந்தால் கேசட்டின் ஒலி; கீழே இருந்தால் ப்ளூடூத் பலகையின் ஒலி. அந்தப் பலகை தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, விலை 350 ரூபாய். வண்டி கொடுப்பது 12 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14ஐத் தொடும். பலகைக்கு வேண்டியதோ 5 வோல்ட். குறைத்துக் கொடுக்க ஒரு ரெகுலேட்டர் வைத்தார். எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

எஞ்சினை முடுக்கியதும் ஒரு ஊளை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஊளையின் சுருதி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆல்டர்நேட்டரின் இரைச்சல், மின்சாரம் வாங்கும் எர்த்தும் ஒலி கொடுக்கும் எர்த்தும் ஒன்றேயாக இருப்பதால், அந்த வழியே ஒலிக்குள் நுழைந்துவிடுகிறது. மறுநாள் அவர் பட்டுக்கோட்டையிலிருந்து சுண்டுவிரல் நகமளவு கன்வெர்ட்டர் ஒன்றை வரவழைத்தார். உள்ளே வருகிற மின்சாரத்துக்கும் வெளியே போகிற மின்சாரத்துக்கும் நடுவில் கம்பித் தொடர்பே இல்லாமல், காந்தத்தின் வழியாக மட்டும் சக்தியைக் கடத்தும். அதைப் போட்டதும் ஊளை நின்றது. உங்களில் யாரேனும் இதைச் செய்வதானால் முதலிலேயே அதை வாங்கிவிடுங்கள்; எங்களுக்கு ஒரு நாள் வீணாயிற்று.

இன்னொரு சிக்கல் இருந்தது. உள்ளே கேசட் சுற்றிக்கொண்டிருந்தால்தான் அந்தப் பெட்டி கேசட் பாதையைத் திறக்கும். இல்லையேல் வானொலிக்குப் போய்விடும். ஆக, ப்ளூடூத்தில் கேட்கவேண்டுமானாலும் ஏதாவது ஒரு கேசட் உள்ளே ஓடவேண்டும். அதன் ஒலி வராது, சுவிட்ச் அதை அடைத்துவிடும், ஆனால் ஓடவேண்டும். "ஏதாச்சும் பழசு ஒண்ணு கொடுங்க ஃபாதர்" என்று சொல்லிக்கொண்டே பாய் உள்ளே கையை விட்டு, இத்தனை ஆண்டுகளாகச் சிக்கிக் கிடந்த கேசட்டை இடுக்கியால் வெளியே எடுத்தார். கசங்கிய இரண்டங்குல நாடாவை வெட்டி, ஒட்டி, சுற்றி, தம்முடைய டேப்பில் போட்டார்.

என் குரல். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கன்வென்ஷனில் நான் கொடுத்த செய்தி. சிறுவனாகிய சாமுவேலைக் கர்த்தர் இரவில் பெயர்சொல்லி அழைத்த பகுதி. என்ன வேகம், என்ன முழக்கம்! ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் அடுத்ததைத் தொடங்குகிறேன். பாய் மரியாதைக்காகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த முழக்கத்தின் நடுவிலும் ஒன்றைக் கவனித்தேன். அடியேன் கேட்கிறேன் என்று சாமுவேல் மறுமொழி சொன்ன இடத்தோடு, பத்தாம் வசனத்தோடு, செய்தியை முடித்துவிட்டிருக்கிறேன். பிரசங்கிகளில் பலரும் அங்கேதான் முடிக்கிறோம். அதன் பின் வருவதை அதே மேசையருகில் நின்றபடி நினைத்துப் பார்த்தேன். சாமுவேல் கேட்டது கசப்பான செய்தி; கண் மங்கிய கிழவராகிய ஏலியின் வீட்டைப் பற்றியது. விடியும்வரை படுத்துக் கிடக்கிறான். சொல்லப் பயப்படுகிறான். ஏலிதான் அவனைக் கூப்பிட்டு, ஒன்றையும் எனக்கு மறைக்காதே என்று கேட்கிறார். பையன் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். பத்து வயதோ பன்னிரண்டோ இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. ஐம்பதைக் கடந்த எனக்கு ஏப்ரல் முதல் அது முடியவில்லை.

"இதையே போட்டுக்குங்க, நல்லா சுத்துது" என்று பாய் அந்தக் கேசட்டையே என் கையில் கொடுத்தார். கூலி 600 ரூபாய்.

ப்ளூடூத் என்ற பெயரைப் பற்றி ஒரு சிறு விலகல். அது பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற மன்னனின் பட்டப்பெயர். நீலப் பல்லன் என்று பொருள். சிதறிக்கிடந்த டேனியரை ஒரே ஆட்சியின்கீழ்ச் சேர்த்தவன். அவர்களைக் கிறிஸ்தவராக்கியவன் என்று யெல்லிங் என்னும் ஊரில் அவனே நிறுத்திய கல்வெட்டு சொல்கிறது. கணினியையும் கைபேசியையும் சேர்த்துவைக்கப்போகும் கருவிக்கு அந்தப் பெயரை 1997இல் முன்மொழிந்தவர் இன்டெல் நிறுவனத்தின் ஜிம் கார்டாக். மறு ஆண்டே எரிக்சன், நோக்கியா, ஐபிஎம், தோஷிபா, இன்டெல் ஆகியவை ஒன்றுசேர்ந்து அதற்கென ஒரு குழுவை அமைத்தன. உங்கள் கைபேசியில் காணும் அந்தச் சின்னம், மன்னனின் பெயருக்கும் பட்டத்துக்கும் உரிய இரண்டு பழைய ரூன் எழுத்துகளின் பின்னல். டென்மார்க் என்றதும் நமக்குத் தரங்கம்பாடி நினைவுக்கு வராமலிருக்குமா? காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். 1620இல் டேனியர் அங்கே கோட்டை கட்டினார்கள். 1706 ஜூலை 9 அன்று, டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளுட்சோவும் அங்கே வந்து இறங்கினார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைப் படித்தவர் சீகன்பால்க் என்பார்கள். கேட்டதைக் கேட்டபடி இன்னொரு மொழியில் கொண்டுசேர்ப்பதற்கு அவர் பட்ட பாட்டை, என் காரில் நான் பட்ட பாடோடு ஒப்பிடுவது தகாது. ஆயினும் அந்த வாரம் அவரை அடிக்கடி நினைத்தேன்.

எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் ஒரே அலைவரிசையில் நின்று அடிவாங்கும். ப்ளூடூத் அப்படியன்று: 79 தடங்களில் வினாடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே இருக்கும், ஒரு தடத்தில் இடைஞ்சல் இருந்தால் அடுத்ததில் தப்பிவிடும். ஒரத்தநாட்டிலும் அதற்குத் தடையில்லை. ஒரு குறை மட்டும் உண்டு. பலகை சற்று நேரம் சும்மா இருந்தால் உறங்கிவிடுகிறது. எழுப்பினால் முதல் அரை வினாடியை விழுங்கிவிடும். காரை முடுக்கும்போதெல்லாம் உள்ளிருந்து ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் ஏதோ அறிவிக்கிறார். அவரை நிறுத்தப் பாயாலும் முடியவில்லை.

அக்டோபர் பயணத்துக்கு முந்தின இரவு சிங்கப்பூரிலிருந்து புதிய பதிவு வந்தது. நான் அதைக் கேட்கவில்லை. வேண்டுமென்றே கேட்கவில்லை. மறுநாள் காலை ஒரத்தநாட்டுக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினேன். கண்ணாடிகளை ஏற்றினேன். கேசட் சுற்றத் தொடங்கியதும் சுவிட்சைக் கீழே இறக்கி, பதிவைத் தட்டினேன்.

"...ம்மா" என்று வந்தது. முதல் எழுத்தை ப்ளூடூத் விழுங்கிவிட்டது.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவிலிருந்தும் முதுகுக்குப் பின்னிருந்தும் அந்தக் குரல் முழுக் கனத்தோடு வந்துகொண்டிருந்தது. முதல் சில வாக்கியங்களில் அவர் சொற்களைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கையை நீட்டிக் கதவின் ஒலிபெருக்கிமேல் வைத்துக்கொண்டார். அது அதிர்ந்துகொண்டிருந்தது. பிறகு சொற்கள் அவருக்குள் சேரத் தொடங்கியதை முகத்தில் கண்டேன். ஈஸ்டரிலேயே சொன்னேனேம்மா, இந்த வருஷம் வர முடியாதென்று, ஐயா சொல்லியிருப்பார், மனசைத் தேற்றிக்கொண்டாயா என்று மகன் கேட்டார்.

பதிவு முடிந்தது. கேசட் மட்டும் உள்ளே சத்தமின்றிச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஈஸ்டர்லயே சொன்னானா?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம் அம்மா."

"நீங்க வர்றான்னுல்ல சொன்னீங்க."

"ஆமாம். நான் மாற்றிச் சொன்னேன். நீங்கள் வருத்தப்படுவீர்களே என்று பொய் சொன்னேன். என்னை மன்னியுங்கள்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அவன் வந்து படுக்கணும்னு பின்னறையைப் பூசச் சொல்லிட்டேனேய்யா. குழுவுல எட்டாயிரம் கடன் வாங்கிட்டேன். சிமெண்டு வந்து எறங்கிருச்சு" என்றார்.

எனக்கு அது தெரியாது. கடனை நான் கட்டிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அந்த எட்டாயிரத்தைப் பற்றிப் பிறகு எங்களுக்குள் நடந்ததை இங்கே எழுதக்கூடாது என்பதும் அவருடைய கட்டளை.

வண்டியை எடுத்தேன். கால்வாய்ப் பாலம் வந்தது. வழக்கம்போல் கண்ணாடியை இறக்கவில்லை. மருத்துவரைப் பார்த்தோம், மருந்து வாங்கினோம், ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டோம். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. திரும்பி வருகையில் அதே புளியமரம் தெரிந்ததும், "இங்க நிறுத்துங்கய்யா" என்றார். நிறுத்தினேன்.

"அந்தக் கொரலை இன்னொரு தடவை போடுங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

என் பிரசங்கக் கேசட்டை உள்ளே தள்ளி, சுவிட்சைக் கீழே இறக்கினேன்.